கண்ணாடி இறக்கிய சனிக்கிழமை

பிப்ரவரி மாதக் குளிரில், மணிக்கு அறுபது மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது, ஹார்லன் வோக்ட் தன் புது பிக்கப் வண்டியின் நான்கு ஜன்னல் கண்ணாடிகளையும் இறக்கினார்.

பக்கத்தில் இருந்த மனைவி வெர்லாவின் தொப்பி பின்சீட்டுக்குப் பறந்தது.

"யோவ், உனக்குப் பைத்தியம் கியித்தியம் புடிச்சிருச்சா?"

"கொஞ்சம் காத்து வரட்டும்" என்றார் ஹார்லன். அவர் மீசையில் அதற்குள் பனி பிடித்திருந்தது.

காரணம் இருந்தது. அதை வெளியே சொல்ல முடியாது.

வண்டி வாங்கி மூன்று வாரம் ஆகிறது. பழையதும் இதுவும் ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஏற்றும் பாரமும் அதே அரை டன். ஆனால் இது அடியிலிருந்து நுனிவரை மாற்றிச் செய்தது.

தீவனக் கடையில் காப்பி குடிக்கிற கூட்டம் தினமும் கேட்டது: பழசு தேவலையா, புதுசு தேவலையா?

இழுவை கூடுதல் என்றார் ஹார்லன். உட்காரும் இடம் சூடாகிறது. சாலைக் கோட்டைப் பார்த்துத் தானே நேராக ஓடுகிறது. பின்தொட்டியின் பக்கச் சுவரைத்தான் உயர்த்திவிட்டார்கள். வெளியே நின்றபடி கையை விட்டு, மாடு நக்குகிற உப்புக்கட்டியை எடுக்க முடியவில்லை.

அப்புறம் தயங்கித் தயங்கி, உண்மையான குறையைச் சொன்னார். "வெர்லா அதுல உக்காந்தா பேசவே மாட்டேங்கறா."

"அதுக்குத் தனியா கம்பெனிக்காரன் எவ்வளவுப்பா வாங்கினான்?" என்றான் அந்தக் கூட்டத்தில் இருந்த டுவேன். கடையே சிரித்தது.

ஹார்லனுக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய வண்டியின் தரையில் ஓட்டை. புகைக்குழாயில் ஓட்டை. கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. சனிக்கிழமை தோறும் டவுனுக்கு நாற்பது மைல். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத வெர்லா, அந்த நாற்பது மைலும் வாய் மூடாமல் பேசுவாள். ஹார்லன் தலையாட்டுவார். பத்தொன்பது வருடத்தில் ஒரு சொல்கூட அவர் காதில் விழுந்ததில்லை. விழவேண்டும் என்றும் அவருக்குத் தோன்றியதில்லை. அவள் உதடு அசைந்தால் போதும், எல்லாம் சரியாக இருப்பதாக ஒரு நிம்மதி.

புது வண்டியில் கதவை மூடினால் தேவாலயம் மாதிரி இருந்தது. வெர்லா எச்சில் விழுங்குவது கேட்டது.

"ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

அவ்வளவுதான். மூன்று சனிக்கிழமையும் அவ்வளவுதான்.

ஒருநாள் துளைக்கருவியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். புகைக்குழாய் கல்யாணப் பாத்திரம் மாதிரி பளபளத்தது. துளை போட மனசு வரவில்லை, எழுந்து வந்துவிட்டார்.

அதனால்தான் இன்று கண்ணாடி.

காற்று காதில் ஊளையிட்டது. இரண்டு மைல் வரை வெர்லா அவரை முறைத்தாள். மூன்றாவது மைலில் கழுத்துத் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடினாள்.

அவள் உதடு அசையத் தொடங்கியது.

ஹார்லனுக்கு உயிர் திரும்பி வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் காது மரத்துப்போன அந்தக் குளிரில், வாழ்க்கையில் முதல்முறையாக, அவள் அப்படி என்னதான் பேசுகிறாள் என்று கேட்கத் தோன்றியது.

பொத்தானை ஒரு விரலால் தொட்டார். கண்ணாடிகள் நூல் நூலாக ஏறின. வெர்லா கண்ணைத் திறக்கவில்லை.

முதலில் கேட்டவை எண்கள். மூச்சே விடாமல், ஒன்றன் வால் ஒன்றைப் பிடித்தபடி ஓடும் எண்கள்.

மெட்டு தெரிந்த மெட்டுதான். வியாழக்கிழமை மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவன் பாடுவது. ஆனால் அவனைவிட இவள் வேகம், இவள் சுத்தம்.

கண்ணாடி இன்னும் ஒரு விரற்கடை ஏறியது.

"...வயசு அறுபத்தொண்ணு, எடது முட்டி கொஞ்சம் தகராறு, மேல்வரிசைப் பல்லு பூராவும் சொந்தம், கொறட்டை உண்டு, கடிக்காது, நானூறு டாலர் நானூறு, நானூத்தம்பது யாரு, யாரு நானூத்தம்பது..."

ஹார்லன் நாக்கால் தன் மேல்வரிசைப் பற்களைத் தடவிப் பார்த்தார்.

கண்ணாடி முழுசாக மூடிக்கொண்டது. அந்த அமைதியில் 'நானூத்தம்பது' மட்டும் தனியாக நின்றது.

வெர்லா கண்ணைத் திறந்தாள். வாயை மூடினாள்.

இரண்டு பேரும் சாலையைப் பார்த்தார்கள்.

"எல்லாச் சனிக்கிழமையுமா?"

"பத்தொம்பது வருஷமா."

"வித்துட்டியா?"

"எவன் கேட்டான், விக்கறதுக்கு? ஒவ்வொரு தடவையும் திருப்பி வீட்டுக்கே ஓட்டிட்டு வரேன்."

ஹார்லன் ஒரு மைல் தூரம் யோசித்தார். பிறகு ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கினார்.

வெர்லா அந்த விரலையே பார்த்தாள். அவள் கன்னம் சிவந்தது, குளிராகவும் இருக்கலாம்.

"நானூத்தம்பது" என்றாள் மெதுவாக.

எதிரே ஒரு எரிவாயு டேங்கர் லாரி வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்துச் சாலைகளில், முன்பின் தெரியாதவர்கள்கூட எதிரே வருகிற வண்டிக்கு ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைப்பார்கள். டேங்கர் ஓட்டுநர் ஹார்லனின் விரலைக் கண்டார். தானும் ஒன்றைத் தூக்கினார்.

"ஐநூறு!" என்று கத்தினாள் வெர்லா. சீட்டிலிருந்து அரையடி எழும்பிவிட்டாள். "தாடிக்காரரு ஐநூறு! ஐநூத்தம்பது யாரு, யாரு ஐநூத்தம்பது, போகுது, போகுது..."

ஹார்லன் பின்னால் காட்டும் பக்கக் கண்ணாடியில் அந்த டேங்கரைப் பார்த்தார்.

ஐநூற்றைம்பதுக்கு இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

வண்டி கோடு பிசகாமல், தன்பாட்டுக்கு, நேராகப் போய்க்கொண்டிருந்தது. பழைய வண்டியில் இது நடந்திருக்காது.