பொழுது சாயும் முன் இட்லி

மலையின் நிழல் தேரடித் தெருவைக் கடந்து வேணுவின் ஓட்டல் படியில் ஏறிக்கொண்டிருக்கிறது. பொழுது சாய்ந்தபின் பருக்கையும் வாயில் வைக்காத சமணர் மல்லிநாதன் நைனார், வழியில் நாலு ஓட்டலைத் தாண்டி வந்து, இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சாம்பாரை முகர்கிறார். புளித்த வாடை. முன்பெல்லாம் அவர் வரும் நேரமறிந்து வேணுவே தனி அடுப்பு மூட்டுவார். "வெளிச்சம் இருக்கும்போதே சாப்ட்டுடுங்க" என்று பக்கத்தில் நிற்பார். இப்போது கல்லாவை விட்டு அசையவில்லை. "வேணு, இது காலையில வெச்சதாப்பா?" "கார்த்திகை தீபக் கூட்டம் நைனாரே! எதை ஊத்துனாலும் சாப்ட்டுட்டுப் போறான். உங்களுக்குத்தான் நொட்டை ஜாஸ்தி." "கொஞ்சம் புதுசா வைக்கக் கூடாதா?" "வைக்கலாம், அரை மணி ஆவும். அதுக்குள்ள உங்க சூரியன் போயிடுவானே!" வேணு சிரிக்கிறார், கூடவே சர்வரும் சிரிக்கிறான். எதிர்ச்சுவரின் உச்சியில் மட்டும் மஞ்சள் வெயில் ஒட்டியிருக்கிறது. வேறு கடை தேட நேரமில்லை. இனி விடியும்வரை பட்டினிதான். மல்லிநாதன் தட்டைத் தள்ளி வைக்கிறார். சர்வர் அந்தச் சாம்பார்க் கிண்ணத்தை எடுத்து, அவர் பார்க்கும்போதே பரிமாறும் வாளியிலேயே கவிழ்த்துவிட்டு, அந்த வாளியோடு அடுத்த மேசைக்குப் போகிறான். அங்கே மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒருவர் இட்லியைப் பிசைந்துகொண்டே, "நல்லா இருக்குப்பா, இன்னும் ஊத்து" என்கிறார்.