பிளக்கைப் பிடுங்கினவர்

'கிரீ...ச்ச்ச்' என்று ஒரு சத்தம். அடுத்து 'டமால்'.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த நாலு பேர், எவனோ அடிபட்டுவிட்டான் என்று சந்துக்குள் ஓடி வந்தார்கள். வந்து பார்த்தால் ரத்தமும் இல்லை, லாரியும் இல்லை. சேட்டுவின் சைக்கிள் கடை வாசலில் ஐம்பது பேர் கூட்டம். நடுவே மேஜை மேல் ஒரு டி.வி., ஒரு மானிட்டர். இரண்டிலும் கார் பறந்துகொண்டிருந்தது.

டி.வி.யில் ஓடுவது தானியேலின் வீடியோ கேம் பெட்டி. மானிட்டரில் ஓடுவது அம்முலு தன் கையால் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். எதிரெதிர்க் கடைக்காரர்கள்; அவர் காசுக்கு கேம் ஆட விடுபவர், அவள் கம்ப்யூட்டர் செய்து விற்பவள். எதில் கிராபிக்ஸ் ஒசத்தி என்று ஆறு மாதமாக நடக்கும் சண்டைக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு. நடுவர் சேட்டு. அவருக்குத் தெரிந்த ஒரே ஹார்டுவேர் சைக்கிள் சக்கரத்து பால்ரஸ் குண்டு.

"அண்ணே, உங்க பொட்டி வாங்கறப்ப எப்படியோ, சாவற வரைக்கும் அப்படித்தான். என்துல கிராபிக்ஸ் கார்டு பழசாச்சின்னா கழட்டிப் போட்டுட்டு புதுசு சொருவிக்கலாம். அறுவத்தி நாலு எம்.பி. மெமரி, படத்துக்குன்னே தனியா," என்றாள் அம்முலு.

"கழட்டிக்கினே கெட, யாரு வேணான்னது? என் பொட்டியில சிப்பு கேமுக்குன்னே பொறந்தது. சி.டி.யப் போட்டா ஓடும். உன்துக்கு மொதல்ல டிரைவர் போடணும்ன்றியே..."

"கண்டக்டர் வேணாமா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அம்முலுவே சிரித்துவிட்டாள். வேதகிரி சார் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் பள்ளிக்கூடத் தாளாளர். பள்ளிக்கு நாலு கம்ப்யூட்டர் வேண்டும். நான் செய்து தருகிறேன் என்று அம்முலு மூன்று தடவை போய்க் கேட்டாயிற்று. "பொம்பளப் புள்ள ஸ்க்ரூ முடுக்கினது நிக்குமாம்மா? ஓடறத கண்ணால பார்த்தாதான் சொல்லுவேன்," என்று இன்று பார்க்க வந்திருந்தார். இந்த ஆர்டரும் இல்லையென்றால் கடையைப் பூட்டிவிட்டு வாலாஜாபாத்தில் அக்கா வீட்டுக்குப் போவதைத் தவிர அம்முலுவுக்கு வேறு வழியில்லை.

இரண்டாவது ரவுண்டு தொடங்கியது. டி.வி.யில் கார் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் தூரத்து மரமெல்லாம் அட்டையில் வெட்டி நட்டது போல் இருந்தது. மானிட்டரில் ஒவ்வொரு இலையும் தனித்தனியாய் ஆடியது. காரின் பளபளப்பில் ஆகாயமே தெரிந்தது.

"பானெட்டுல மூஞ்சி பார்த்து தலை வாரிக்கலாம் போலகீதே," என்றார் சேட்டு.

திடீரென்று மானிட்டர் முழுக்கப் பச்சையும் சிவப்புமாகப் பொறி பறந்தது. கூட்டம் குதித்தது.

"பாரு பாரு, பொறி பறக்குது. இதாண்டா கிராபிக்ஸு."

"தீவாளி மாரி கீதுடா."

வேதகிரி சாரே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். அம்முலு திரையைப் பார்க்கவில்லை, சாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் மலர மலர இவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

தானியேலின் முகம்தான் விழுந்துபோனது.

'டப்'.

இரண்டு திரையும் இருண்டன. கரண்ட் போகவில்லை, சேட்டு கடை டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. மேஜைக்குப் பின்னால் தானியேல் நின்றிருந்தார். கையில், இரண்டுக்கும் கரண்ட் கொடுத்த எக்ஸ்டென்ஷன் பெட்டியின் பிளக்.

"தோக்கப் போறோம்னு தெரிஞ்சி புடுங்கிட்டாருடா."

"கள்ளாட்டம்."

"காலையிலதான சர்ச்சுக்குப் போய்ட்டு வந்த? ஒரு பொண்ணு ஜெயிக்கறது பொறுக்கலியா?" என்றார் சேட்டு.

"ஆமாப்பா, பொறுக்கல. தோத்துட்டேன், வுடுங்க." தானியேல் தன் பெட்டியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

"நாளைக்கு ஸ்கூலுக்கு வாம்மா. நாலும் நீயே பண்ணிக் குடுத்துடு," என்றார் வேதகிரி சார்.

விசில் பறந்தது. மானிட்டரையும் கேபினெட்டையும் உற்சவர் போலத் தூக்கிக்கொண்டு வந்து அம்முலு கடையில் இறக்கினார்கள்.

கூட்டம் கலைந்ததும், ஜெயித்துக் கொடுத்த கார்டைத் தொட்டுக் கும்பிடலாம் என்று கேபினெட்டைத் திறந்தாள் அம்முலு. தொட்ட விரலைச் சுட்டது.

கார்டின் மேல் இருந்த சின்ன ஃபேனின் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் மாட்ட மறந்த ஒயர். ஃபேன் சுற்றவே இல்லை. பறந்தது கிராபிக்ஸ் பொறி இல்லை, கார்டு வெந்துகொண்டிருந்திருக்கிறது. இன்னும் இரண்டு நிமிஷம் ஓடியிருந்தால் வேதகிரி சார் கண்ணெதிரிலேயே கருகியிருக்கும்.

எதிர்க்கடைக்கு ஓடினாள். தானியேல் ஈரத்துணியால் ஜாய்ஸ்டிக் அழுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கார்டு வேவறது உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"நானும் முந்தி கம்ப்யூட்டர்தான் வெச்சிருந்தேன். இதே மாரி பொறி பறந்துதான் பூடுச்சி. மறுபடி வாங்க பயந்துகினுதான் இந்தப் பொட்டிக்கு வந்தேன்."

தெருவில் போன பையன்கள், "பிளக்கு அண்ணே," என்று கத்திவிட்டு ஓடினார்கள். அம்முலு திரும்பினாள்.

"டேய், இங்க வாங்கடா. உண்மை இன்னான்னா..."

"சும்மா இரும்மா. சார் காதுக்குப் போயிடப் போவுது."

"இன்னும் ரெண்டு நிமிசம் சும்மா நின்னிருந்தா நீங்கதானண்ணே ஜெயிச்சிருப்பீங்க?"

"ஜெயிச்சி? எதிர்க்கடை பூட்டிக் கெடந்தா நான் யாரோட சண்டை போடறது? போ, மொதல்ல போய் ஒயர மாட்டு," என்ற தானியேல், அடுத்த ஜாய்ஸ்டிக்கை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.