மூங்கில் சீப்பு

பெருந்தொற்று வந்து பள்ளி விடுதியை மூடியபோது பிள்ளைகளெல்லாம் மழைக்காட்டுக்குள் இருக்கும் குடிக்குத் திரும்பினார்கள். நோய் போன பிறகு பள்ளிக்கூடமே அவர்களைத் தேடிக் காட்டுக்குள் வந்துவிட்டது, சின்ன வகுப்புகளுக்கு மட்டும். பெரிய வகுப்புக்காரி செம்பிக்கு இன்னமும் விடுதிதான்.

விடுதியில் விடுப்பு வாங்கி வந்திருந்தவள், அம்மா தங்கை மாதிக்குத் தலை வாருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குடியில் கொண்டையில் மூங்கில் சீப்பு செருகாமல் எந்தப் பெண்ணும் வெளியே போகமாட்டாள். மாதிக்கு அப்பா புதுச்சீப்பு செதுக்கிக் கொடுத்திருந்தார். பள்ளியில் அவளுக்குப் பாடம்கூட வீட்டுப் பாஷையிலேயே. பசித்தால் ஓடி வந்து கிழங்கு தின்றுவிட்டு ஓடலாம். செம்பிக்கு வயிறு எரிந்தது.

"படிக்கணும்னா அம்மாவ விட்டுட்டுத்தான் போகணும்னு சொல்லி என்னை ஜீப்புல ஏத்துனியே. இவளுக்கு மட்டும் எப்படி ரெண்டும் கிடைக்குது?"

"அப்போ இங்க பள்ளிக்கூடம் இல்லியேடி" என்றாள் அம்மா.

செம்பி எழுந்து தங்கையின் சீப்பை வெடுக்கென்று பிடுங்கித் தன் தலையில் செருகினாள். பேனுக்குப் பயந்து விடுதியில் ஒட்ட வெட்டிய தலை. சீப்பு நிற்காமல் விழுந்தது. மறுபடி செருகினாள். மறுபடியும் விழுந்தது.

மாதி அழவில்லை. சீப்பை எடுத்து அக்காவின் தலையில் வைத்து, விழாதபடி கையால் பிடித்துக்கொண்டாள். பள்ளியில் மணி அடித்தது.

"போடி, நேரமாச்சு" என்றாள் செம்பி. ஆனால் தலையை அசைக்கவே இல்லை.