கொழுப்பு

அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பன் ஒன்றைக் காகிதத்தில் வைத்து நீட்டினார் அண்ணன்.

"வேண்டாம்ணே" என்றான் தம்பி.

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரொட்டிக்கடைக்காரரின் சொந்தத் தம்பியே அந்த ரொட்டியைத் தொடுவதில்லை என்ற பேச்சு ஏற்கெனவே தெருவில் அடிபட்டுக்கொண்டிருந்தது.

தம்பி பஸ் ஓட்டுகிறவன். சில மாதங்களாக அரிசி, கோதுமை, கிழங்கு, சர்க்கரை எதையும் நாக்கில் வைக்கவில்லை. முட்டை, மீன், கீரை, மறுபடி முட்டை.

பலன் இல்லாமல் இல்லை. தொப்பை ஸ்டியரிங்கில் இடிப்பது நின்றது. படியேறினால் மூச்சு வாங்குவதில்லை. ரத்தக்கொதிப்பு மாத்திரையை டாக்டர் பாதியாக்கிவிட்டார்.

மற்றதையும் சொல்ல வேண்டும். முதல் வாரம் தலைவலி மண்டையைப் பிளந்தது. காலையில் அவன் கழிப்பறைக்குள் போனால் வீடே வெளியில் வரிசை கட்டி நின்றது. வாயில் ஏதோ ஒரு வாடை. கண்டக்டர் சொல்ல வேண்டியதையெல்லாம் தூர நின்று விசிலிலேயே சொல்லி முடித்தார். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்ததில் மனைவிக்கு அந்தப் பழைய குண்டு ஆளே தேவலை என்றாகிவிட்டது.

இப்போது பன்னின் வாசனை மூக்கைத் துளைத்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டான்.

அண்ணன் நீட்டிய கையை இறக்கவில்லை. அந்தக் கை மெலிந்து மஞ்சள் பூத்திருந்தது. கண்களும் அப்படித்தான். ஈரல் கெட்டுவிட்டது. வேறு ஈரல் வைத்தால்தான் பிழைப்பார்.

"முன்னப்பின்ன தெரியாத எவனோ எனக்கு ஈரல் தரேன்னு வந்திருக்கானாம், உங்க அண்ணி சொல்றா. கூடப்பிறந்தவன் நீ, என் கையால ஒரு பன் வாங்கித் திங்க மாட்டேங்கிற. கொழுப்புடா உனக்கு."

கல்லாவில் இருந்த அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்று தம்பி கண்ணைக் காட்டினான். விஷயம் தெரிந்தால் அண்ணன் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்க மாட்டார். தம்பி உடம்பில் ஒரு முள் குத்தினாலே தாங்காத மனுஷன்.

மேலும் அவர் சொன்னதில் தப்பில்லை. முதல்முறை அந்த ஆஸ்பத்திரியில் போய் நின்றபோது அங்கிருந்த டாக்டரும் அதையேதான் சொன்னார். ஈரல் முழுக்கக் கொழுப்பு, இதை உங்கள் அண்ணனுக்கு வைக்க முடியாது, இளைத்துவிட்டு வாருங்கள் என்று.

இன்று காலைதான், போதும், எடுத்துக்கொள்ளலாம் என்றார்.