சத்தம் கூட்டும் பெட்டி

"உங்க அம்மா காதுல எதையோ மாட்டிக்கிட்டுத் தன்னந்தனியா சிரிக்கிறாங்க. தலையை வேற ஆட்டுறாங்க. எனக்கே பயமா இருக்கு, வந்து பாருங்க."

பக்கத்து வீட்டுக்காரி போனில் சொன்னதுதான் தாமதம், டாக்டர் கிளம்பிவிட்டாள்.

பல் டாக்டர். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைப்பவள், பெற்றவளிடம் வாய் திறந்து பேசி ஒரு வருஷமாகிறது. கேட்டால், "அவங்களுக்குத்தான் காது மந்தமாச்சே, போன்ல கத்தி என்ன பிரயோஜனம்?" என்பாள்.

இன்றைக்கு அம்மாவைக் கையோடு கூட்டிப் போய்விட வேண்டியது. தம்பி பெண்டாட்டி கிளியை நன்றாக நாலு கேள்வி கேட்டுவிட வேண்டியது. வழியிலேயே முடிவு செய்துவிட்டாள்.

கூடத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். தலையில் பெரிய ஹெட்ஃபோன். அதன் ஒயர், மடியில் கிடந்த தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டிக்குள் போய், அங்கிருந்து செல்போனுக்குப் போனது. கண்ணை மூடிக்கொண்டு யாருக்கோ "ம்... ம்..." கொட்டிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பக்கத்தில் போனாள். தோளைத் தொட்டாள்.

"அட, நீயா!" அம்மா ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "காலைலதானே பேசினே? வரேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நானா? நான் எங்கம்மா பேசினேன்?" காதருகே கத்தினாள்.

"நல்லா இருக்கே! முட்டிக்கு மருந்து தேய்ச்சியான்னு கேட்டியே."

சமையலறை வாசலில் கிளி நின்றிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"வாங்க அண்ணி. சொல்லாம கொள்ளாம..."

"சொல்லிட்டு வந்திருந்தா இந்தக் கண்காட்சியைப் பார்த்திருக்க முடியுமா? பேச உனக்கு நேரமில்லைன்னா எங்க அம்மா காதுல ஒரு மெஷினை மாட்டி மூலையில உட்கார வச்சிடுவியா? பேசாததைப் பேசினேங்கறாங்க. புத்தியே பேதலிச்சுப் போச்சு!"

"அது ஆம்ப்ளிஃபயர் அண்ணி. சத்தத்தைக் கூட்டுற பெட்டி. வெறும் ஹெட்ஃபோன்ல எங்கேயோ கிணத்துக்குள்ள பேசற மாதிரி கேக்குதுன்னாங்க. இதுல செருகினா பக்கத்துல உட்கார்ந்து பேசற மாதிரியே இருக்காம்."

"யாரு பேசற மாதிரி?"

டாக்டர் ஹெட்ஃபோனை எடுத்தாள்.

"அண்ணி, வேண்டாம்! அதை மட்டும் கேக்காதீங்க!"

அது போதாதா? சட்டென்று மாட்டிக்கொண்டு செல்போனில் பட்டனைத் தட்டினாள்.

தொண்டையைக் கனைக்கும் சத்தம். அப்புறம் ஒரு குரல்.

"அம்மா, நான்தான். இப்பதான் ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிட்டு வந்து உட்கார்ந்தேன். ஒரே முதுகு வலி. நீ முட்டிக்கு மருந்து தேய்ச்சியா?"

டாக்டரின் குரல். அதே கனைப்பு, அதே அவசரம், கேள்வி கேட்கும்போது அதே இழுப்பு. ஆனால் இதில் ஒரு வார்த்தைகூட அவள் பேசியதில்லை.

அடுத்த பதிவைத் தட்டினாள்.

"நேத்து கனவுல நீ வந்தேம்மா. முழிச்சதுல இருந்து உன் நினைப்பாவே இருக்கு..."

உதடு அசைகிறதா என்று தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதா? பேசிவிட்டு மறந்துவிட்டேனா?

பெட்டியில் சத்தம் கூட்டும் குமிழைக் கொஞ்சம் திருப்பினாள். குரல் நெருங்கி வந்தது. பிடரியில் மூச்சு படுவதுபோல் இருந்தது. குரலுக்குப் பின்னால் வேறு ஏதோ ஒன்று.

கிறீச்... டக். கிறீச்... டக்.

பயந்துபோய் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். சத்தம் நிற்கவில்லை.

கிறீச்... டக்.

மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேலே கூடத்து ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுபடி மாட்டினாள். சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள். அவளுடைய குரல் "வச்சிடறேம்மா" என்றது. அதற்கும் பின்னால், எங்கேயோ கதவுக்கு அந்தப் பக்கம், தம்பி கத்தினான்.

"கிளி! என் கண்ணாடியைப் பார்த்தியா?"

கல்யாணமாகி வந்த புதிதில் வீட்டில் ஒருவரைக்கூட விடாமல் அப்படியே பேசிக் காட்டித்தான் அவளுக்குக் கிளி என்ற பேரே வந்தது. டாக்டரையும் பேசிக் காட்டினாள், கனைப்பு உட்பட. வீடே விழுந்து விழுந்து சிரித்தது. டாக்டர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். போனவள் போனவள்தான்.

"மன்னிச்சிடுங்க அண்ணி," கிளியின் குரல் உடைந்தது. "விடிஞ்சா போதும், 'அவ பேசினாளா, அவ பேசினாளா'ன்னு கேட்பாங்க. சாப்பாடே இறங்கலை. ஒருநாள் மனசு தாங்காம நானே பேசிப் பதிவு பண்ணி, நீங்க அனுப்பினதா சொல்லிட்டேன். அப்புறம் நிறுத்த முடியலை. அத்தைக்கு மட்டும் தெரிய வேண்டாம். உடைஞ்சு போயிடுவாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

டாக்டர் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். மெல்லத் தொண்டையைக் கனைத்தாள். அந்தக் கனைப்புகூட இப்போது யாரோ செய்வதுபோல் இருந்தது.

அம்மா குனிந்து அவள் காதோரம் கிசுகிசுத்தாள்.

"ஃபேன் சத்தம் கேட்டுச்சா?"

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இந்தப் பெட்டி வந்த அன்னிக்கே எனக்குக் கேட்டுடுச்சு," அம்மா சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதே. என் பொண்ணு தாங்க மாட்டா."