கருவாட்டு டப்பாவின் மூடி

வைத்திலிங்கம் கடைசியாகப் போடும் வேஷம் நோயாளி வேஷம். மனையியல் கடைசி வருஷம் படிக்கும் மகள் அன்புசெல்விக்கு நாளை ஓர் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் வேலைக்கான நேர்முகத் தேர்வு. நோயாளியிடம் சாப்பாட்டை விசாரித்துக் காட்ட வேண்டும்; அதற்குத்தான் இந்த ஒத்திகை. குருசுக்குப்பத்து வீட்டில் சாயங்கால வெளிச்சம் பிளாஸ்டிக் நாற்காலியின் காலடிவரை வந்திருக்கிறது. கஞ்சி போட்ட புடவை மொடமொடக்க அவள் அப்பாவுக்கு எதிரே உட்காருகிறாள்.

"ஐயா, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"கஞ்சி, மேடம். தொட்டுக்கக் கீரை. உப்பு நாக்குலயே படல, மேடம்."

மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருக்கும் பச்சையம்மாள் தலையைத் தூக்குகிறாள். புருஷனுக்கு ரத்தக்கொதிப்பு, கருவாட்டைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அலமாரி மேலிருக்கும் கருவாட்டு டப்பாவை அவள் அழுத்தி மூடித்தான் வைத்தாள். இப்போது மூடி ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது. அவன் கண் அந்தப் பக்கமே போகாததும் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"கையக் காட்டுயா, மோந்து பாக்கறேன்."

அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொள்கிறான். "இன்னா மே, மேடம் கேக்கறப்ப நடுவுல வர்ற? நான் இப்ப வேற ஆளு. என் பேரு ஆறுமுகம்."

அன்புசெல்வி வாய்விட்டுச் சிரிக்கிறாள். ஈரக்கையோடு எழுந்த பச்சையம்மாளுக்கும் உதடு கோணிவிடுகிறது. காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று மறுபடி கூடையிடம் உட்காருகிறாள். விடிவதற்குள் படுத்த பாயிலேயே அவன் உயிர் போய்விடுகிறது.

மகள் இப்போது வேறோர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். அலமாரி மேல் அந்த மூடி ஒரு பக்கம் தூக்கியபடியே இருக்கிறது.