அக்கறையுள்ள கப்பல்

வடதுருவப் பகுதியில் கடல் உறைந்திருந்த ஒரு காலையில், இனுயிட் இன வேட்டைக்காரர் உலாயுக்கின் நாய்வண்டி ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. வண்டியில் வேட்டையாடிய சீல் என்ற பெரிய கடல்விலங்கு ஒன்று கிடந்தது. அதன் இறைச்சியை ஊரார் எல்லாருக்கும் பங்கு வைப்பது அவர்கள் வழக்கம்.

முன்னால் ஓடிய அமருக் என்ற நாய் சட்டென்று நின்றது. உறைந்த கடலைப் பிளந்துகொண்டு குறுக்கே ஒரு கப்பல் வந்தது.

“எங்கே இந்தப் பக்கம்?” என்று கேட்டது அமருக்.

“இங்கே பனி குறைந்துகொண்டே போகிறதாமே. ஆராய வந்தேன். மனசே சரியில்லை” என்றது கப்பல்.

“நீங்கள் இப்போது உடைத்தது நாங்கள் வீட்டுக்குப் போகிற வழி.”

“அப்படியா? உங்கள் பாரம்பரியத்தின் மேல் எனக்கு ரொம்ப மரியாதை. கொஞ்சம் அப்படியே நில்லுங்கள், ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்.”

படம் எடுத்துக்கொண்டு கப்பல் போய்விட்டது. எதிரே கறுத்த தண்ணீர் அகலமாகக் கிடந்தது. உலாயுக் வண்டியைத் திருப்பினார். சுற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேர மூன்று நாள் ஆயிற்று. இறைச்சிக்குக் காத்திருந்த ஊரார் அதுவரை டப்பா மீனைத் தின்றார்கள்.

கப்பல் தன் அறிக்கையில் எழுதியது: “இங்கே நாய்வண்டிகள் இப்போதெல்லாம் ஓடுவதில்லை, நிற்கின்றன. காரணம் புரியவில்லை. அடுத்த ஆண்டு இன்னும் பெரிய கப்பலாக அனுப்ப வேண்டும்.”